மெஷின் சத்தத்துக்குள் ஒரு ஜெபம்

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவளுக்கு இரண்டு கையும் எப்போதும் மெஷினில்தான். அதனால் குரல் செய்தி அனுப்ப ஒரு குறுக்குவழி வைத்திருந்தாள். போனில் பதிவுப் பொத்தானை மேலே இழுத்துப் பூட்டிவிட்டு, வேலையைப் பார்த்துக்கொண்டே பேசுவாள். முடிந்ததும் சுண்டுவிரலால் ஒரு தட்டு, போய்விடும். பெரிய கெட்டிக்காரி என்று நினைப்பு. அந்த நினைப்புதான் ஒருநாள் அவள் காலை வாரிவிட்டது.

அன்று மதியம் அண்ணனுக்கு இப்படித்தான் பேசினாள். "அண்ணி கண்ணாடி ரெடி. சாயங்காலம் வந்து வாங்கிக்கோ."

தட்ட மறந்துவிட்டாள். அண்ணன் நினைப்பிலேயே வாய்விட்டு ஜெபிக்கவும் தொடங்கிவிட்டாள். அந்த மெஷின் இரைச்சலுக்குள் பேசினால் முன்னால் உட்கார்ந்திருக்கும் முதலாளிக்குக்கூடக் கேட்காது என்பதால் அவளுடைய ஜெபமெல்லாம் அங்கேதான்.

முடித்துவிட்டுப் பார்த்தால் பதிவு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. பதறிப்போய் நிறுத்தப் போன சுண்டுவிரல், பழக்க தோஷத்தில் அனுப்பிவிட்டது. ஒரு நிமிடம் நாற்பது நொடி. அழிப்பதற்குள் டிக் இரண்டும் நீலமாகிவிட்டன.

இரண்டு வருடத்துக்கு முன் அவள் கிறிஸ்தவளாகி ஞானஸ்நானம் எடுத்தபோது அண்ணன் ஒன்றுதான் சொன்னான். "எங்கிட்ட ஒருநாளும் சாமி பேச்சு எடுக்காத. எடுத்தேன்னா அன்னிக்கோட ஒட்டும் இல்ல உறவும் இல்ல." சொன்னால் சொன்னதுதான், அப்படியொரு பிடிவாதக்காரன். அவளுக்கோ அவனை விட்டால் பிறந்த வீடு என்று ஒன்று இல்லை. அதனால் வாரம் தவறாமல் போய் அவன் பேசுவதைக் கேட்டுவிட்டு வருவாள். மேனேஜரைத் திட்டுவான், முட்டியில் வலி என்பான், கேட்டுக்கொள்வாள். பதிலுக்குச் சொல்ல நினைத்ததையெல்லாம் மெஷின் பக்கத்தில் நின்று ஆண்டவரிடம் சொல்லுவாள்.

இன்று சொன்னது இது. "ஆண்டவரே, அண்ணனுக்குக் கை நடுங்குது. யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சுட்டு இருக்கு. அவ்வளவு உயரத்துல..."

அண்ணன் உயரமான கட்டடக் கிரேன் ஓட்டுபவன். சாப்பாட்டு நேரம் முடிந்து ஏணியில் ஏறுகிற நேரம் இது. நடுங்குகிற கையோடு, இப்போது கோபமும் சேர்ந்து. மூன்று தடவை கூப்பிட்டாள். அவன் எடுக்கவில்லை. அவன் விழுந்தால் தள்ளிவிட்டது நானேதான் என்று ஆகிவிடுமோ என்று பயந்தாள். மெஷினில் லென்ஸ் விரிசல் விட்டதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

அரை மணி நேரம் கழித்து வாசலில் மஞ்சள் சட்டை தெரிந்தது. தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் அண்ணன் வந்து நின்றான். அவள் முன்பக்கம் ஓடிவந்தாள். உயிரோடு வந்துவிட்டான் என்ற நிம்மதி ஒரு நொடிதான். அடுத்த நொடியே வேறு பயம் பிடித்துக்கொண்டது.

"கை நடுங்குறத உனக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. மூணு வாரமா டீ கிளாச ரெண்டு கையாலதான் பிடிக்கிற."

"கூடவே இருக்கா உங்க அண்ணி. அவளுக்கே தெரியல." மேஜை மேலிருந்த அண்ணியின் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தான். "சரி, என்ன கேட்ட?"

"நான் ஒண்ணும் கேக்கலண்ணா. நீ பேசுறதத்தான் கேட்டுட்டு இருந்தேன்."

"அது இல்ல. உன் ஆண்டவர்கிட்ட. கடைசில மெஷின் கத்துது, ஒரு எழவும் புரியல. பாதி ஏணில நின்னு நாலு தடவை போட்டுக் கேட்டேன்."

"சாமி பேச்சு எடுக்கக்கூடாதுன்னு நீதானே..."

"இப்ப நான்தானே எடுக்குறேன். சொல்லு."

சொன்னால் உறவு இத்தோடு போயிற்று. சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. "அண்ணன் தானா கீழ இறங்கி வரணும், பயமா இருக்குன்னு யார்கிட்டயாவது வாய்விட்டுச் சொல்லணும். அவ்வளவுதான் கேட்டேன்."

அண்ணன் கையுறையை உருவிவிட்டு வலது கையை மேஜை மேல் வைத்தான். பக்கத்திலிருந்த கண்ணாடிப் பெட்டி கடகடவென்று ஆடியது.

"பயமா இருக்கு" என்றான்.

அவளுக்கும் பயமாகத்தான் இருந்தது. உள்ளே போய் மெஷினை நிறுத்திவிட்டு வந்து, அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.