தொண்ணூற்று நான்கு

என் மனைவிக்கு மூன்று எண்கள் வேதவாக்கு. எழுபத்தைந்துக்குக் கீழே போனால் ஆஸ்பத்திரிக்கு ஓடு. எண்பது என்றால் நிம்மதி. தொண்ணூறைத் தாண்டினால் நுரையீரலுக்கு ரத்தம் அளவுக்கு மீறிப் போகிறது, அதற்கும் ஓடு. பாதி இதயத்தோடு பிறந்த எங்கள் மகளை முதல் ஆபரேஷன் முடித்து வீட்டுக்கு அனுப்பியபோது சிஸ்டர் சொல்லித் தந்த பாடம். நான்கு வருடங்களாக அவள் விரலில் கிளிப்பை மாட்டி, ஆக்ஸிஜன் அளவைப் பார்த்தால்தான் எங்களுக்குப் பொழுது விடியும்.

மூன்றாவதும் கடைசியுமான ஆபரேஷன் முடிந்து, ஐசியுவிலிருந்து வார்டுக்கு வந்த முதல் காலை அது. இது பலித்தால்தான் மற்ற பிள்ளைகளைப் போல அவளும் ஓடியாடுவாள். திரை தொண்ணூற்று நான்கு காட்டியது. என் மனைவிக்குத் தூக்கிவாரிப்போட்டது.

கிளிப்பைத் துடைத்து மாட்டினாள். அதே எண். கால் விரலில் மாட்டினாள். அதேதான். மெஷின்மேல் சந்தேகப்பட்டு என் விரலைப் பிடுங்கி மாட்டினாள். தொண்ணூற்று ஏழு.

"ஐயோ, உங்களுக்கும் ஏறிடுச்சு" என்றாள். நானும் மடையன் மாதிரி மணியை அழுத்தினேன்.

ஆபரேஷன் செய்த டாக்டரே வந்துவிட்டார். திரையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"இந்த நம்பருக்காகத்தானேம்மா அன்னிக்கு ஆறு மணி நேரம் நின்னேன்? பழைய கணக்கையெல்லாம் மறந்துடுங்க. இப்ப உடம்புக்குப் போற ரத்தம் வேற, நுரையீரலுக்குப் போற ரத்தம் வேற, ரெண்டும் கலக்கறதில்ல. எல்லாருக்கும் இருக்கற மாதிரிதான் இவளுக்கும்."

"எல்லாருக்கும் இருக்கற மாதிரியா?"

"ஆமாம்மா."

இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். பாவம், சொன்னார். என் மனைவி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். எனக்கும் தொற்றிக்கொண்டது. சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

மகள் டாக்டரின் கழுத்தைக் காட்டி, "எனக்கு அந்தக் குழாய் வேணும்" என்றாள். அவர் ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றப் போனார். அவள் கேட்டு நாங்கள் எதையும் மறுத்ததே இல்லை. அழுதால் உதடு நீலம் பாரித்து மூச்சுத் திணறும். நிலாவைக் கேட்டிருந்தாலும் ஏணி தேடியிருப்போம்.

என் மனைவி எழுந்து டாக்டரின் கையைத் தடுத்தாள்.

"அது டாக்டரோடது. தர முடியாது."

மகளுக்கு இந்த வார்த்தை புதிது. நம்பாமல் என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். வார்டே அதிரும்படி ஒரு கத்தல் கத்தினாள். நாங்கள் மூவரும் உதட்டையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தோம். தொண்ணூற்று மூன்று. தொண்ணூற்று நான்கு. உதடு செக்கச்செவேல் என்று இருந்தது.

"அழட்டும், விடுங்க" என்றாள் என் மனைவி, தன் கண்ணைத் துடைத்துக்கொண்டே. "நல்லா அழுடி, தங்கம்."