அரைமணி முன்னதாக வந்த கோள்

கீழ்வானில் நான் பார்த்துக்கொண்டிருந்த விண்மீனுக்கு ஒரு கோள் உண்டு. விண்மீனை ஒட்டியே சுற்றுகிறது. அங்கே ஓர் ஆண்டு மூன்று நாளில் முடிந்துவிடும். அது குறுக்கே போகும்போது விண்மீனின் ஒளி சற்றுக் குறையும். கடலோரப் புன்னைக்காயலில் எங்கள் மொட்டை மாடியில் தொலைநோக்கி வைத்து அந்தக் குறைவை அளப்பதுதான் என் எம்.எஸ்சி. ப்ராஜெக்ட்.

அன்று இருட்டியதுமே ஒளி குறைந்தது. கணக்குப்படி கோள் குறுக்கே வர இன்னும் அரைமணி இருந்தது. கோள் முன்னதாக வந்தால், அதன் பாதை சுருங்கி விண்மீனை நோக்கி விழுந்துகொண்டிருக்கிறது என்று பொருள். ஆனால் அரைமணி மிக அதிகம்; எந்தக் கோளும் அவ்வளவு வேகமாக விழாது.

பக்கத்து விண்மீனை அளந்தேன். அதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். அதுவும் மங்கியிருந்தது. அதற்கடுத்ததும். இது கோள் இல்லை. கடலுக்கு மேல் ஏதோ திரண்டு வருகிறது. தொடுவானத்தை ஒட்டி ஒரு விண்மீன்கூட இல்லை.

அண்ணன் டெல்வின் கடலில் இருந்தான்.

கீழே ஓடினேன். வயர்லெஸ் செட் அடுப்படியில் இருந்தது. அதில் பேசினால் கடலில் நிற்கும் எல்லா மீன்பிடி வள்ளங்களுக்கும் கேட்கும். பெண்கள் பேசுவதில்லை, அம்மாகூடப் பேசியதில்லை. பொத்தானை அழுத்திவிட்டுக் குரல் வராமல் நின்றேன்.

"யாருல அது, மூச்சு மட்டும் விடுதது?" என்றது செட்டில் ஒரு குரல்.

"டெல்வின் தங்கச்சி. ஸ்டெபி."

"ஏலே டெல்வின், ஒன் தங்கச்சி சோறு திங்கக் கூப்பிடுதா."

பலர் சிரித்தார்கள்.

"என்னளா?" என்றான் அண்ணன்.

"அண்ணே, கெழக்கேருந்து பெருங்காத்து வருது. வலைய வெட்டிட்டு வா."

"இங்கன காத்தே இல்ல. வல இப்பத்தான் போட்டுருக்கு. யாரு சொன்னா?"

"நட்சத்திரம் எல்லாம் மங்குது."

"சோசியம் பாக்குதாடே," என்றது முதல் குரல்.

அண்ணன் சிரிக்கவில்லை. "நிச்சயமாத் தெரியுமா?"

தெரியாது. வெறும் மேகமாகவும் இருக்கலாம். வலை வீணாய்ப் போனால் அவன் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்?

"தெரியும்ணே."

"வெட்டுதேன்" என்றான் அண்ணன்.

காற்று வந்தபோது கதவு அறைந்தது. மாடியில் ஏதோ விழுந்து உடைந்தது. செட்டில் இரைச்சல் மட்டும். அம்மா என் தோளைப் பிடித்தபடி நின்றாள். அண்ணனைக் கூப்பிட்டுக் கத்திக்கொண்டே இருந்தேன். யார் வேண்டுமானாலும் கேட்கட்டும்.

தொண்டை கட்டியபிறகுதான் அவன் குரல் வந்தது. "ஏளா, கரைக்கு வார ஆத்து வாய் எங்கன இருக்குன்னே தெரியல. மாடி லைட்டப் போடு, அதப் பாத்து வாரேன். எம் பின்னாலயே எல்லாரும் வாராங்க."

படியேறி ஓடினேன். மழையில் தொலைநோக்கியின் கண்ணாடித் துண்டுகள் காலில் குத்தின. விளக்கைப் போட்டேன். கடல் இருட்டாகவே இருந்தது. கரண்ட் போய்விடக் கூடாதே என்று சுவிட்சிலிருந்து கையை எடுக்காமல் நின்றேன்.