யாஹனுக்கு ஒரு வரி

எங்கள் தீவில் கம்பளி நெய்து முடித்ததும், அது இறுகிக் கெட்டியாகப் பழைய மூத்திரத்தில் ஊறப்போட்டு, பத்துப் பெண்கள் பலகையைச் சுற்றி உட்கார்ந்து அடிப்போம். நாற்றம் மூக்கைத் துளைக்கும். பாட்டுத்தான் வேலையை இழுத்துப் போகும். ஒருத்தி வரி எடுப்பாள், மற்றவர்கள் பல்லவி. ஒரு துணிமேல் ஒரே பாட்டை இரண்டு தடவை பாடக் கூடாது, உடுத்துகிறவனுக்கு ஆகாது.

அன்றைக்கு கிர்ஸ்டி அக்கா வீட்டுத் துணி. அவளுடைய பிள்ளைகள் ரூரியும் லாக்லனும் போன குளிர்காலத்தில் படகோடு கடலில் மூழ்கிப்போனவர்கள். உடல்கூடக் கிடைக்கவில்லை. அவர்களோடு போனவன் யாஹன், பாரா தீவிலிருந்து கூலிக்கு வந்த அநாதை. சுக்கான் அவன் கையில் இருந்தது என்பதால் கிர்ஸ்டி அவன் பேரையே எடுக்கமாட்டாள்.

என் பக்கத்தில் மார்சலி. அவளும் யாஹனும் பேசி வைத்திருந்தது எனக்கு மட்டும்தான் தெரியும்.

"ஏண்டி மார்சலி, துணிய அடிக்கிறியா, பூனைக்குட்டி மாதிரி தடவிக் குடுக்கிறியா?" என்றாள் எதிரே இருந்த பேகி. எல்லோரும் சிரித்தார்கள்.

மார்சலி என் காதருகே குனிந்தாள். "அக்கா, கிர்ஸ்டி பெரியம்மா இன்னிக்கு ஒப்பாரி கட்டிட்டு வந்திருக்காங்களாமே. அவர் பேரு வருமா?"

"வராதுடி."

"இன்னிக்கு எப்படிப் பாடுறாங்களோ, அப்படித்தான ஊரே பாடும்?"

நான் துணியை அவள் பக்கம் தள்ளினேன்.

கிர்ஸ்டி ஆரம்பித்தாள். ரூரிக்குத் தைத்த சட்டை போட ஆளில்லாமல் கிடக்கிறது. லாக்லனின் கஞ்சி ஆறிப்போனது. பல்லவி பாடிக்கொண்டே நாங்கள் துணியை அடித்தோம். அவள் முடிக்க மூச்சிழுத்த நேரத்தில் மார்சலி வரியை எடுத்துவிட்டாள்.

"பாரா தீவு யாஹனே, சுக்கான விடாத கை, என் கையப் பிடிக்க வரலியே."

பல்லவி பாட ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. துணி பலகைமேல் அப்படியே கிடந்தது.

"உன்ன யாரு கேட்டா?" என்றாள் கிர்ஸ்டி.

"யாரும் கேக்கல பெரியம்மா. நீங்க முடிச்சிட்டா அவர் பாட்டுக்கு வெளியவே நின்னுடுவாரு."

"உனக்கு அவன் என்ன வேணும்?"

"அறுப்பு முடிஞ்சதும் கல்யாணம்னு பேசியிருந்தோம்."

"என் பிள்ளைங்கள அவன்தான கொண்டுபோனான்."

"அவரும் வரலியே, பெரியம்மா."

 கிர்ஸ்டி துணியின் ஓரத்தைத் தூக்கிப் பலகையில் ஓங்கி அடித்தாள். யாஹனின் வரிக்குப் பல்லவியைத் தனியாகத் தொடங்கினாள். குரல் பிசிறியது. நாங்களும் சேர்ந்துகொண்டோம்.

மார்சலியின் முகத்தை அவள் ஒரு தடவைகூட ஏறிட்டுப் பார்க்கவில்லை. ஆனால் மார்சலியிடம் வரிகள் தீரும்வரை துணி அடித்த கிர்ஸ்டியின் கை நிற்கவும் இல்லை.