லாரிக்குள் ஆறு பேர்

அவனுடைய மாமனார் ஒருநாளும் பட்டாளத்தில் இருந்ததில்லை. நடத்துவது டிரைவிங் ஸ்கூல். ஆனாலும் தெரு முழுக்க அவரை மேஜர் என்றுதான் கூப்பிடும். வீட்டு ஹாலை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய மேசை. அதன்மேல் அட்டைப் பாலம், பஞ்சு மரங்கள், விரல் உயரப் பொம்மைச் சிப்பாய்கள். ஞாயிற்றுக்கிழமை யுத்தத்துக்கு எதிராளி, வீட்டோடு இருக்கும் மாப்பிள்ளை. தோற்பதற்கென்றே வாய்த்த மனுஷன்.

இந்த ஞாயிறு அவன் பந்தயம் கட்டியிருந்தான். வெளியூரில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை கிடைத்திருந்தது.

"நான் ஜெயிச்சா நாங்க ரெண்டு பேரும் கிளம்புறோம், மாமா."

"தோத்தா?"

"வேலை வேணாம்னு சொல்லிடறேன். கடைசி வரைக்கும் உங்க காரே ஓட்டுறேன்."

ஊரைவிட்டுப் போக ஒரு ஆண்பிள்ளை பொம்மை யுத்தம் நடத்துவானா என்று கேட்காதீர்கள். இவன் நடத்துவான்.

நடுவர் அவன் மனைவி. சின்ன வயதிலிருந்தே அந்த மேசையில் டேப் பிடித்து அளப்பவள். அவள் சொன்னால் சொன்னதுதான். மேஜர்கூட மறுபேச்சுப் பேச மாட்டார்.

கடைசிச் சுற்று. அவனுடைய சிப்பாய்கள் பாலத்தில் ஏறி நின்றால் போதும், வெற்றி. ஆறு பேரும் பாலத்தை ஒட்டி, மேசையில் போட்ட வெள்ளைக் கோட்டில் நின்ற பொம்மை லாரிக்குள் இருந்தார்கள். லாரி நகரும் முன் இறங்கினால் அதே சுற்றில் நடக்கலாம். நகர்ந்துவிட்டால் அந்தச் சுற்று முழுக்க உள்ளேயேதான். இந்த விதி அவனுக்குத் தலைகீழ்ப் பாடம்.

ஆட்களை எடுக்க லாரியின் கூரையைத் தூக்கினான். வரவில்லை. ராசியாக இருக்கட்டும் என்று நேற்று ராத்திரி புது பெயின்ட் அடித்திருந்தான். அது காயாமல் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஒரு கையால் லாரியை அமுக்கிப் பிடித்து மறுகையால் இழுத்தான். கூரை பட்டென்று கழன்றது.

"வண்டி நகர்ந்துடுச்சு, மாப்பிள்ளை," என்றார் மேஜர், தேன் தடவிய குரலில்.

"இல்ல மாமா. சக்கரம் வெள்ளைக் கோட்டுலயேதான் இருக்கு, பாருங்க!"

இருந்தது. மூன்று பேருக்குமே அது தெரிந்தது. அவன் சந்தோஷத்தோடு மனைவியைப் பார்த்தான். ஒரு வார்த்தை போதும், இந்த வீட்டைவிட்டுப் போய்விடலாம்.

அவள் டேப்பைச் சுருட்டினாள்.

"நகர்ந்துச்சு."

மேஜர் அவசரப்படவில்லை. தன் ஆட்களை லாரியைச் சுற்றி இடைவெளி இல்லாமல் நிறுத்தினார். பிறகு சுட்டார். ஆட்டக் கணக்கில் லாரி எரிந்தது. இறங்கி நிற்க இடமில்லை என்றால் உள்ளே இருப்பவர்கள் அத்தனை பேரும் செத்த கணக்கு, அதுவும் விதி. ஆறு பேரையும் ஒவ்வொருவராக எடுத்து, முகத்தைப் பார்த்துப் பெட்டியில் போட்டார்.

"காலைல கிளாஸ் இருக்கு. காரைக் கழுவி வெச்சிடுங்க, மாப்பிள்ளை."

அறைக்குள் போனதும் அவன் கேட்டான். "நகரலன்னு உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"அப்புறம் ஏன்டி?"

"யாரையும் கேக்காம என் கையப் புடிச்சு இழுத்துட்டுப் போயிருந்தீங்கன்னா கண்ணை மூடிக்கிட்டு வந்திருப்பேன். நீங்க போய் என்னை வெச்சு அப்பாகிட்ட பந்தயம் கட்டுறீங்க. அப்பா கொடுமைக்காரர்தான். ஆனா அவர் யார்கிட்டயும் அனுமதி கேட்டதில்ல."

அவன் அழுதான். அவள் பார்க்கவில்லை. நேற்று அவளே அடுக்கிய பெட்டியைக் கட்டிலில் வைத்துத் திறந்து, துணிகளை எடுத்து அலமாரியில் வைக்கத் தொடங்கினாள். எல்லாம் அவனுடைய சட்டைகள். அவளுடைய துணி ஒன்றுகூட அதில் இல்லை.