ஈரம் காயாத கையுறைகள்

புதன்கிழமை அடக்கம் செய்யப்பட்ட கோல்கீப்பர், சனிக்கிழமை நடந்த பெண்கள் தேசியக் கோப்பை முதல் சுற்றில் முழு ஆட்டமும் ஆடினார். கோல் எதுவும் விடவில்லை. வெயில் மிதமாக இருந்தது, புல்லை முந்தின நாள்தான் வெட்டியிருந்தார்கள், பார்க்க வந்தவர்கள் வழக்கம்போல ஆட்டக்காரிகளின் வீட்டார் மட்டும்தான். மருத்துவமனைச் சலவைக்கூடத்துப் பெண்களின் அணி ஒரே ஒரு கோல் போட்டு வென்றது. தோற்ற அணி முறையிட்டது. நடுவர் விதிப் புத்தகத்தை நிதானமாகப் புரட்டிப் பார்த்தார். ஆட்டக்காரி உயிரோடு இருக்க வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை. காலுறைக்குள் காப்புத்தகடு வைத்திருக்க வேண்டும் என்று மட்டும் இருந்தது. குனிந்து அவர் காலைத் தட்டிப் பார்த்தார், தகடு இருந்தது. விவகாரம் அதோடு முடிந்தது.

சலவைக்கூடத்தில் அவருக்குப் படுக்கை விரிப்புகளைச் சூடான உருளையில் விட்டுத் தேய்த்து எடுக்கும் வேலை. அந்தச் சூட்டில் அவர் கைகள் எப்போதும் கதகதவென்றிருக்கும். செவ்வாய்க்கிழமை மதியம் மடித்த விரிப்புகளின் மேல் சற்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. இதயம் என்றார்கள். அதற்கு இரண்டு நாள் முன்புதான் மகளோடு சண்டை. மகளும் கோல்கீப்பர்தான், ஆனால் இரண்டாமவள். தாய் உள்ளே நிற்க, மகள் வருடக்கணக்காக வெளியே பெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். இந்த வருடமாவது என்று நினைத்திருந்தாள். பட்டியலில் மறுபடியும் அம்மாவே முதலில் வர, வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, "நீ இருக்கிற வரைக்கும் எனக்கு வழியே இல்ல" என்று சொல்லிவிட்டாள். அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். மகளும் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. திங்கட்கிழமை இருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. செவ்வாய் வந்துவிட்டது.

பெட்டியை மூடுவதற்கு முன் கணவர், பேருந்துப் பணிமனை மெக்கானிக், மனைவியின் கையுறைகளை உள்ளே வைக்க வேண்டும் என்றார். மகள் தேடுவதுபோலத் தேடிவிட்டு, கிடைக்கவில்லை என்றாள். அவை அவளுடைய பையில் இருந்தன. சனிக்கிழமை ஆட்டம், அவளுடையது புதுசு, இன்னும் கைக்குப் படியவில்லை, விறைப்பாக இருந்தது. துக்க வீட்டில் இப்படியொரு கணக்கு ஓடுமா என்று மற்றவர்கள் கேட்கலாம். கோல் கம்பங்களுக்கு நடுவே நின்று பழகியவர்களுக்கு ஓடும். ஆகவே செத்தவர் தன் கையுறையைத் தேடி மைதானத்துக்கு வந்தார் என்பதில் அணியில் யாருக்கும் சந்தேகமில்லை.

ஆனால் எடுத்துக்கொண்டு போகவில்லை. அந்த அணியில் ஒரு வழக்கம் உண்டு. ஆட்டம் முடிந்ததும் முதல் கோல்கீப்பர் கையுறையை உடைமாற்றும் அறைக் கொக்கியில் மாட்டிவிட்டுப் போய்விடுவார். அதை அலசி, நிழலில் உலர்த்தி, அடுத்த ஆட்டத்துக்குக் கொண்டுவருவது இரண்டாமவளின் பொறுப்பு. அணி கோப்பையை விட்டு வெளியேறும் நாளில்தான் கையுறை வீட்டுக்குப் போகும். செத்த பிறகும் அவர் வழக்கத்தை மீறவில்லை. கொக்கியில் மாட்டிவிட்டுப் பின்வாசல் வழியாக நடந்து போனார். யாரும் பின்னால் போகவில்லை. ஜெயித்தால் வருவார், தோற்றால் கையுறையோடு போய்விடுவார் என்பது எல்லோருக்கும் புரிந்தது.

எனவே ஜெயித்தார்கள். வெளியூர் ஆட்டங்களுக்குப் பேருந்தில் அவர் ஏறவில்லை. இவர்கள் போய்ச் சேரும்போது அங்கே உட்கார்ந்து காலணி நாடா கட்டிக்கொண்டிருப்பார். ஆடுகளத்தில் சொல்ல வேண்டியதை மட்டும்தான் பேசினார். "ஏறு", "விடு", "என்னுது". வேறு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. சலவைக்கூட மேற்பார்வைக்காரிதான் அணியின் பயிற்சியாளர், எல்லோரும் விசிலக்கா என்று கூப்பிடுவார்கள். அவர் நலம் விசாரித்துப் பார்த்தும் பலனில்லை. காலிறுதி முடிந்ததும் ஒரு பத்திரிகை, மூத்த கோல்கீப்பரின் நிதானம் பாராட்டத்தக்கது என்று ஒரு வரி எழுதியது.

மெக்கானிக் சனிக்கிழமைதோறும் முகம் மழித்து, இருப்பதில் நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு, கோலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். மனைவியின் முதுகைப் பார்த்து வீட்டு விஷயங்களைச் சொல்லிக்கொண்டே இருப்பார். குழாய் ஒழுக்கை அடைத்தாகிவிட்டது, மாடி வீட்டுக்காரர்கள் காலி செய்துவிட்டார்கள். மனைவி திரும்பவில்லை. பந்து ஆட்டத்தில் இருக்கும்போது அவர் உயிரோடிருந்த காலத்திலும் திரும்பியதில்லை. மெக்கானிக்குக் குறையொன்றும் தெரியவில்லை. அந்த முதுகே போதும் என்றிருந்தார்.

மகளுக்குத்தான் போதவில்லை. தண்ணீர் பாட்டிலை நீட்டினால், யாரோ கொடுத்ததுபோல வாங்கிக் குடித்துவிட்டுக் கம்பத்தடியில் வைப்பார். சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும், அது அம்மாவின் காதில் விழ வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு. தடுப்பாட்டக்காரிகளோடு அம்மா ஆட்டம் முழுக்கப் பேசினார். ஆனால் முதல் கோல்கீப்பரோடு ஒரே நேரத்தில் களத்தில் நிற்கவே முடியாத ஒரே ஆள் இரண்டாம் கோல்கீப்பர். ஒருத்தி வெளியே வந்தால்தான் இன்னொருத்தி உள்ளே போகலாம். இதை யோசித்து யோசித்து அவள் கையுறையைத் தேவைக்கு மேல் அலசினாள்.

இறுதி ஆட்டத்தன்று காலை, அப்பாவின் சட்டையை அவள் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கு ஜெயிச்சாலும் அவ்வளவுதானேம்மா?"

"ஆமாப்பா."

"தோத்தாலும்."

"அதேதான்பா." பிறகு சட்டையைப் பார்த்தபடியே சொன்னாள். "கையுறை என்கிட்டதான்பா இருந்துச்சு. அன்னிக்குப் பொய் சொல்லிட்டேன்."

"தெரியும்," என்றார் அவர். "பெட்டியில வெச்சிருந்தா அவ வந்திருப்பாளா?"

இறுதி ஆட்டத்தில் இரண்டு பக்கமும் கோல் விழவில்லை. கூடுதல் நேரமும் தேய்ந்துகொண்டே போனது. பெனால்ட்டி உதைகளுக்குத்தான் போகும் என்று தெரிந்ததும், மகள் விசிலக்காவிடம் போய் நின்றாள்.

"என்னை இறக்குங்கக்கா."

"அவ ஒரு தப்பு பண்ணலையே. எதுக்கு மாத்தணும்?"

"எனக்குக் கோப்பைக்காக இல்லக்கா. இன்னிக்கு விட்டா அம்மாகிட்டப் பேச எனக்கு இடமே இல்ல."

விசிலக்கா வேலைநேரம் போக மிச்சமிருந்த வாழ்க்கை முழுவதையும் இந்தக் கோப்பைக்காகச் செலவழித்தவர்.  பல்லைக் கடித்துக்கொண்டு, கோட்டோரம் நின்ற நான்காம் நடுவரிடம் ஆள் மாற்றம் என்று விரலைக் காட்டினார். எண்பலகை உயர்ந்தது. கோலுக்குப் பின்னால் மெக்கானிக் எழுந்து நின்றார். மீதியிருந்த நிமிடங்கள் பறிபோவது அவருக்குத் தெரிந்தது. மகளைப் பார்த்தார், மறுப்பாகத் தலையசைக்கவில்லை.

அம்மா அவசரமில்லாமல் நடந்து கோட்டுக்கு வந்தார். மகள் வெறுங்கையோடு நின்றாள். "அன்னிக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதும்மா. நீ இருக்கணும். எனக்கு வழி வேண்டாம், நீ இருந்தாப் போதும்," என்றாள்.  அம்மா கையுறைகளைக் கழற்றினார். சின்ன வயதில் மாட்டிவிட்டதுபோல மகளின் விரல் ஒவ்வொன்றையும் உள்ளே இழுத்துவிட்டு, மணிக்கட்டுப் பட்டையை இறுக்கினார். கைகள் வேலை முடிந்து வந்த கைகள்போலக் கதகதவென்றிருந்தன.

"ஈரமா இருக்கு. பந்தை நல்லாப் பிடிக்கும், பயப்படாதே."

பிறகு விளிம்புக்கோட்டைச் சுற்றிக்கொண்டு கோலுக்குப் பின்னால் போய், கணவர் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் தன் சட்டை நுனியால் இருக்கையைத் துடைத்துவிட்டிருந்தார். மகள் இரண்டு உதைகளைத் தடுத்தாள். கடைசி உதை அவள் விரல் நுனியைத் தொட்டு உள்ளே போனது. கோப்பை எதிரணிக்குப் போயிற்று. அவள் திரும்பிப் பார்த்தபோது அப்பா தனியாக இருந்தார்.

"கடைசிப் பந்தை அவளாலயும் பிடிச்சிருக்க முடியாதாம்," என்றார்.

"அம்மா சொன்னாங்களா?"

"எழுந்து போறப்ப சொன்னா."

கையுறையை அம்மா எடுத்துக்கொண்டு போகவில்லை. அது அதன்பிறகு காயவுமில்லை. நிழலில் வைத்தார்கள், வெயிலில் வைத்தார்கள், சலவைக்கூடத்துச் சூட்டு அறையில் ஒரு வாரம் தொங்கவிட்டார்கள், சொட்டிக்கொண்டேதான் இருந்தது. மகள் அதைப் போட்டுக்கொண்டுதான் இத்தனை வருடங்களாக ஆடுகிறாள். கோப்பை இன்னும் கைக்கு வரவில்லை, அம்மாவும் வரவில்லை. அழுகை வரும் நாட்களில் அவள் அதை மாட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பாள், யாரும் தொந்தரவு செய்வதில்லை. கொக்கிக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் வாளி வைத்திருக்கிறார்கள். இன்றைக்கு அதைக் கொட்டுவது யார் முறை என்பதில் மட்டும் எப்போதாவது சச்சரவு வரும்.