முந்நூறு லாரி

எந்த நேரத்தில் அந்தத் தாளைக் கையில் வாங்கினாரோ, டிக்கெட்காரருக்கு அன்றைக்கே பிடித்தது சனி.

ஆற்றுக்கு அக்கரை அடுத்த நாடு. லாரிகளை ஏற்றிப் போக இருந்தது ஒரே ஒரு ஓட்டைப் படகு. அதற்கு டிக்கெட் கிழிப்பது இவர் வேலை. போன வருஷம் தலைநகரிலிருந்து தாள் வந்தது: தினம் எத்தனை லாரி கடக்கிறது, ஒரு மாதம் எண்ணி அனுப்பு. எண்ணினால் எழுபதைத் தாண்டவில்லை. எழுபது என்று எழுதினால் இன்னொரு படகு எப்படித் தருவார்கள்? மனுஷன் துணிந்து முந்நூறு என்று போட்டார். தனக்காகவா போட்டார்? துறையில் காத்துக் கிடக்கும் டிரைவர்களுக்குச் சமைத்துப் போட்டுத்தான் அவர் மனைவியின் சாப்பாட்டுக் கடை ஓடியது. இன்னொரு படகு வந்தால் இன்னும் நாலு லாரி இந்தப் பக்கம் திரும்பும் என்று ஒரு நப்பாசை.

வந்தது படகா? பாலம்!

பள்ளிக்கூட ஹாலில் ஊர்க்காரர்களிடம் கருத்துக் கேட்கக் கூட்டம் போட்டார்கள். "தினம் முந்நூறு லாரி. பாலம்தான் ஒரே வழி. படகுத்துறையை மூடிடுவோம். பாலம் ஊருக்கு வெளியே போகும், ஒரு லாரியும் இங்கே நிக்க வேண்டாம்" என்றார் அதிகாரி, ஏதோ நல்ல செய்தி சொல்கிறவர் மாதிரி. லாரி நிற்காவிட்டால் சாப்பாட்டுக் கடை ஏது?

முன்வரிசையிலிருந்து மனைவி எழுந்தாள். "எந்தப் புண்ணியவான் எண்ணினது சார்? தினம் சோறு போடறவ நான். எழுபதுக்கு மேல ஒண்ணு வராது. அதுக்கு எதுக்குப் பாலம்? டிக்கெட் கிழிக்கிறவர் என் வீட்டுக்காரர்தான், அவரையே கேளுங்க. பொய் சொல்லத் தெரியாது அவருக்கு. ஏங்க, எழுந்து சொல்லுங்களேன்!"

ஹாலே திரும்பிப் பார்த்தது. அதிகாரி தாளைத் தூக்கிக் காட்டினார். "கையெழுத்து உங்களோடதுதானே? பொய்க் கணக்குன்னா இப்பவே சொல்லிடுங்க, திட்டத்தை நிறுத்திடறேன். ஆனா உங்க மேல கேஸ் வரும்."

எழுந்தார். பென்ஷனுக்கு இன்னும் எட்டே மாசம். இந்த வயசில் கம்பி எண்ணுவதா?

"முந்நூறுதான் சார்."

"சத்தமாச் சொல்லுங்க."

மறுபடி சொன்னார்.

அவள் உட்கார்ந்துவிட்டாள். கூட்டம் முடிந்ததும் அவருக்கு முன்னால் விடுவிடுவென்று வீட்டுக்கு நடந்தாள். வாய்க்கு வந்தபடி திட்டியிருந்தால்கூடப் பாவி மனுஷனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை கடையில் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, அவள் பரணைக் காட்டினாள். "அந்தப் பெரிய அண்டாவை இறக்குங்க. முந்நூறு லாரி வருதாமே."

ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, இறக்கிக் கொடுத்தார்.