பெஞ்சிலிருந்து கத்துகிறவன்

…இல்லை, இந்த முறை கூப்பிட்டுவிடுவார், கூப்பிடாமல் எங்கே போவார், காலையில் அவரே அல்லவா சொன்னார், "இன்னைக்கு உன்னை இறக்குறேன், ரெடியா இரு" என்று, கோச் அப்படிச் சொல்கிற ஆளே இல்லை, சொன்னால் சொன்னதுதான்… ஆனால் இன்றைக்கு என்று சொன்னாரே தவிர ஆட்டத்தின் எந்தப் பகுதியில் என்று சொல்லவில்லை, இடைவேளையும் வந்து போய்விட்டது, மூன்றாவது கால் பகுதியும் கரைந்துகொண்டிருக்கிறது, அவன் மேல்சட்டையின் ஜிப்பை இறக்குவதும் ஏற்றுவதுமாக இருந்ததில் பக்கத்தில் இருந்தவனே, "டேய், அந்தச் சத்தத்தை நிறுத்துடா, பல்லு கூசுது" என்று சொல்லிவிட்டான். ரெடியாக இருப்பது என்றால் இதற்கு மேல் எப்படி இருப்பது, ஷூ லேஸை இறுக்கிக் கட்டியாயிற்று, அவிழ்த்து மறுபடியும் கட்டியாயிற்று, தண்ணீரைக்கூட அளவாகத்தான் குடித்தான், வயிறு குலுங்கக் கூடாதே என்று. பெஞ்ச் என்று பெயர்தானே தவிர அது வரிசையாகப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலிகள்தான், சாதாரண மனிதர்களுக்காகச் செய்தவை, அவனைப் போல ஒருவன் உட்கார்ந்தால் முழங்கால் இரண்டும் மோவாய்க்கு வந்துவிடும், அணியிலேயே உயரமானவனை இப்படி மடித்து ஓரமாக வைத்திருக்கிறார்களே, என்ன நியாயம் இது?

பயமா, அவனுக்கா, சேச்சே. கூடைப்பந்து வளையத்தைத் தொட அவனுக்கு ஓடிவரக்கூட வேண்டாம், நின்ற இடத்திலிருந்தே ஒரு எக்கு எக்கினால் போதும், அதனால்தான் கல்லூரியில் சேர்ந்த முதல் வருடமே ஏணி என்று பெயர் வைத்துவிட்டார்கள், அந்தப் பெயர் அவனுக்குப் பிடித்தும் போய்விட்டது. பீரோவால் முடியுமா அது? பீரோ கடைசி வருடத்து மாணவன், அகலத்துக்குக் குறைவில்லை, வளையத்துக்கு அடியில் காலை ஊன்றி நின்றால் தள்ளிவிட நாலு பேர் வேண்டும், ஆனால் குதித்தால் அவன் காலுக்கும் தரைக்கும் நடுவே ஒரு செய்தித்தாளைச் சொருகலாம், அவ்வளவுதான், அதுவும் மடிக்காத செய்தித்தாள். நல்லவன்தான், ஏணியைப் பார்த்தால் தோளில் கைபோட்டு, "சாப்பிட்டியாடா?" என்று கேட்காமல் போகமாட்டான், அதையெல்லாம் இல்லையென்று யார் சொன்னார்கள், ஆனால் நல்லவனாக இருப்பதற்கும் வளையத்தடியில் ஆடுவதற்கும் என்ன சம்பந்தம்? அந்த இடத்தில் ஒருவன்தான் நிற்க முடியும், இரண்டு வருடமாக பீரோ நிற்கிறான், ஏணி பார்த்துக்கொண்டிருக்கிறான், ஜெயிக்கிற ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில், கூட்டம் எழுந்து செருப்பைத் தேடுகிற நேரத்தில், "போ, போய் ரெண்டு ஓட்டம் ஓடிட்டு வா" என்று இறக்கிவிடுவார்கள், அதற்குப் பெயர் ஆட்டமா, எலும்புத்துண்டு.

இன்றைக்குப் பார்த்து அப்பா வேறு வந்திருக்கிறார். தப்பு அவனுடையதுதான், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம், காலையில் கோச் சொன்ன சந்தோஷத்தில் உடனே போனைப் போட்டு, "வாங்கப்பா, இன்னைக்கு நான் இறங்குறேன்" என்று சொல்லிவிட்டான், அவர் மத்தியானத்தோடு தையல் கடையைப் பூட்டிவிட்டு பஸ் பிடித்து வந்துவிட்டார். அதோ, மூன்றாவது வரிசையில், பையை மடியில் வைத்துக்கொண்டு, ஆட்டத்தைப் பார்க்காமல் ஆட்டக்காரர்களின் பனியன்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், எவனுடைய தோள் தையல் கீழே இறங்கியிருக்கிறது, எவனுக்கு அக்குளில் பிடிக்கிறது என்று அவர் கண் அளவெடுத்துக்கொண்டே போகும், தொழில் புத்தி. குட்டையான மனிதர், குட்டையான குடும்பம், எங்கிருந்து இந்த உயரம் வந்தது என்று சொந்தக்காரர்கள் கேட்காத நாள் இல்லை, "உனக்கு ஒரு பேன்ட் தைக்கிற துணியில உங்க மாமாவுக்கு முழு செட்டே தைக்கலாம்டா" என்று அலுத்துக்கொண்டே தைப்பார், தைத்து முடித்து அதைத் தூக்கிப் பிடித்துக் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் காட்டுவார். இடைவேளையில் கம்பி ஓரமாக வந்து, "என்னப்பா, உன்னை எப்ப விடுவாங்க?" என்று கேட்டார், பள்ளிக்கூடத்துக் குழந்தையைக் கேட்கிற மாதிரி, சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள், அவனும் சிரித்துக்கொண்டு, "இதோப்பா, அடுத்தது" என்றான். அடுத்தது வந்து பாதிக்கு மேல் போய்விட்டது.

"கோடு! கோடு!" கத்தியது அவன்தான், யோசிக்காமலே, வாய் தானாகத் திறந்துகொண்டது. எதிரணியின் கட்டையான ஆட்டக்காரன் ஒருவன் பீரோவின் முதுகுக்குப் பின்னால், மைதானத்தின் கடைக்கோட்டை ஒட்டி, சந்தடியில்லாமல் வளையத்தை நோக்கி நழுவிக்கொண்டிருந்தான், பீரோ பந்தைப் பார்த்துக்கொண்டு நின்றான், அவனுக்கு முதுகில் கண்ணா இருக்கிறது, கோடு என்று காதில் விழுந்ததும் சட்டென்று திரும்பி இரண்டு கையையும் தூக்கினான், பந்து அவன் கையில் பட்டு வெளியே போனது. கைதட்டல். யாருக்கு? பீரோவுக்கு. அவனும் பெரிய சாதனை செய்தவன் போல நெஞ்சைத் தட்டிக்கொள்கிறான், பாருங்கள்.

இந்தக் 'கோடு' ஏணியின் கண்டுபிடிப்பு, இந்த வருடம் முழுக்க இதுதான் அவன் செய்த வேலை. பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்து அவனுக்கு ஆட்டம் அத்துப்படி ஆகிவிட்டது, யார் எங்கே வெட்டி ஓடப்போகிறான், யார் வழியை மறைத்து நிற்கப்போகிறான், பந்து எந்தக் கைக்குப் போகும், எல்லாம் ஒரு மூச்சு முன்னாலேயே தெரிந்துவிடும், குரலும் லேசுப்பட்டது இல்லை, அரங்கத்தின் அந்தக் கோடிக்கு எட்டும், பீரோவும் அதைக் கேட்டே பழகிவிட்டான். அப்படிப் பார்த்தால் பீரோ பிடித்த பந்துகளில் பாதி யாருடையது? கண் இவனுடையது, உடம்பு அவனுடையது, அவ்வளவுதானே? இந்தக் கண்ணோடு இந்த உயரமும் சேர்ந்து உள்ளே இறங்கினால் என்ன ஆகும் என்று கோச்சுக்கு ஏன் தோன்றவில்லை… அட, தோன்றாமல் என்ன, எதற்குத் தோன்ற வேண்டும், உள்ளே பீரோ, வெளியே குரல், ஒரே இடத்துக்கு இரண்டு ஆள் வேலை நடக்கிறது, இதைக் கலைக்க அவருக்கு என்ன பைத்தியமா? அப்படியானால் தன்னைப் பெஞ்சில் உட்கார வைத்திருப்பது தன் தொண்டைதானா?

இந்த நினைப்பு வந்ததும் அவன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான், முழங்கால் பக்கத்தில் இருந்தவன் தொடையில் இடித்தது. எவ்வளவு சின்ன விஷயம், ஒன்றும் செய்ய வேண்டாம், யாருக்கும் எந்தக் கெடுதலும் நினைக்க வேண்டாம், வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். பெஞ்சில் இருப்பவன் கத்த வேண்டும் என்று எந்தச் சட்டம் சொல்கிறது, பக்கத்தில் இருப்பவன் நகத்தைக் கடித்துக்கொண்டிருக்கிறான், அவனை யாராவது கேட்டார்களா? தொண்டை வலிக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம், உண்மையிலேயே கொஞ்சம் வலிக்கத்தான் செய்கிறது. அணி தோற்றுவிட்டால்? இன்றைக்குத் தோற்றால் போட்டியை விட்டே வெளியே… தோற்காது, அதற்குள் அவன் உள்ளே போய்விடுவான், போய்விட்டால் அப்புறம் என்ன கவலை?

கடைசிக் கால் பகுதி தொடங்கியது, அவன் துண்டின் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டான். கட்டையன் மறுபடியும் கோட்டோரம் நழுவினான், ஏணிக்குத் தெரிந்தது, உள்ளங்கால் வரைக்கும் தெரிந்தது, கத்தவில்லை, கட்டையன் பந்தை வாங்கி வளையத்தில் போட்டுவிட்டுப் போனான், பீரோ திருதிருவென்று விழித்தான். அடுத்த முறையும் அதேதான், இந்தத் தடவை பீரோ தாமதமாகத் திரும்பி அவசரத்தில் கட்டையன் கையில் அடித்துவிட்டான், விசில், ஃபவுல். பீரோ கோச்சைப் பார்க்கவில்லை, நடுவரைப் பார்க்கவில்லை, நேராகப் பெஞ்சைப் பார்த்தான், ஏணியைத் தேடி. ஏணி குனிந்து, ஏற்கெனவே இரண்டு தடவை கட்டிய லேஸை அவிழ்த்தான். கையில் இருந்த முன்னிலை கரைந்து கரைந்து நூலிழைக்கு வந்துவிட்டது, இன்னொரு விசில் ஊதியது, பீரோவுக்கு நான்காவது ஃபவுல், ஐந்தானால் ஆட்டத்தை விட்டே வெளியே, கோச் இடுப்பில் கைவைத்துக்கொண்டு வந்து நின்றார், "என்னடா, உன் ரேடியோ நின்னு போச்சு?" என்று கேட்டார், அவன், "தொண்டை கட்டிக்கிச்சு சார்" என்றான், அவர் அவனை ஒரு பார்வை பார்த்தார், அதில் என்ன இருந்தது என்று யோசிக்க நேரமில்லை, "சரி, சட்டையைக் கழட்டு, போ" என்றார்.

ஜிப் ஒரே இழுப்பில் இறங்கியது. எதிரே வந்த பீரோ முதுகில் ஒரு தட்டு தட்டி, "பாத்துடா, அந்தக் கட்டையன் பேய் மாதிரி வர்றான்" என்றான், ஏணி தலையை ஆட்டிவிட்டு ஓடினான், முகத்தைப் பார்க்காமல். மூன்றாவது வரிசையில் அப்பா எழுந்து நின்றுவிட்டார், பை கீழே விழுந்தது, எதிரணிக்காரன் ஃபவுலுக்குக் கிடைத்த ஃப்ரீ த்ரோவைப் போடப்போகிற நேரத்தில் அவர் ஒருவர் மட்டும் கைதட்டினார், அரங்கமே திரும்பிப் பார்த்தது. அந்த ஃப்ரீ த்ரோ பலகையில் பட்டுத் துள்ளியது, ஏணி எக்கினான், மேலே, எல்லாக் கைகளுக்கும் மேலே, பந்து வந்து உள்ளங்கைகளில் உட்கார்ந்தது, பந்தைக் கீழே இறக்காதே, இறக்கினால் குட்டையர்கள் பிடுங்கிவிடுவார்கள் என்று கோச் ஆயிரம் தடவை சொன்னது கைக்கே தெரிந்திருந்தது, தலைக்கு மேலேயே வைத்து அனுப்பினான், ஓடினான், அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தபோது பந்து அவனிடமே திரும்பி வந்தது, வளையம் பக்கத்தில், இவ்வளவு பக்கத்திலா இருந்தது, போட்டான். பார்த்தீர்களா? இதைத்தான் சொன்னான், இரண்டு வருடமாக மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தான், அவன் இங்கே நிற்க வேண்டியவன் என்று, சத்தம் காதை அடைத்தது, பெஞ்சில் கேட்கிற சத்தம் இல்லை இது, வேறு சத்தம்.

இனி தடுப்பு. எதிரணியின் தடியன் ஒருவன் தோளை அவன் நெஞ்சில் கொடுத்து அழுத்தினான், வியர்வை கண்ணில் இறங்கியது, பந்து வலது பக்கம், இல்லை இடது, ஒரு கை, ஒரு முழங்கை, யாருடைய மூச்சோ காதில், பந்தையே பார், பந்தையே… அதற்குள் அவனுக்குப் பின்னால் வலை சரக்கென்றது, கட்டையன் போட்டுவிட்டு ஓடிக்கொண்டிருந்தான். எங்கிருந்து வந்தான்? வருடம் முழுக்க அவன் வருவதற்கு முன்னாலேயே வருவதைப் பார்த்த கண்ணாயிற்றே இது, எங்கே போயிற்று? பரவாயில்லை, முதல் தடவை, படபடப்பு, அடுத்த தடவை விடமாட்டான். அடுத்த தடவை இன்னும் உன்னிப்பாகப் பார்த்தான், பார்க்கப் பார்க்க உலகம் சுருங்கி ஒரு பந்தும் இரண்டு கைகளுமாக ஆகிவிட்டது, கோடு இருக்கிற திசையே அவனுக்கு மறந்துவிட்டது.

"ஏணி! கோடு! கோடு!"

உடம்பு திரும்பியது, அவன் திருப்பவில்லை, தானாகத் திரும்பியது, கை உயர்ந்தது, கட்டையன் போட்ட பந்து அந்தக் கையில் அறைந்து கூட்டத்துக்குள் போய் விழுந்தது. அரங்கம் எழுந்து நின்றது. அப்பா பக்கத்தில் இருந்த யாரோ ஒருவரை உலுக்கி அவனைக் காட்டிக்கொண்டிருந்தார், அவன் அங்கே பார்க்கவில்லை, குரல் வந்த இடத்தைப் பார்த்தான், பீரோ நாற்காலியை விட்டு எழுந்து, தலையில் துண்டோடு, இரண்டு கைகளையும் வாயருகே குவித்துக்கொண்டு நின்றான், "இனி அந்தப் பக்கமா வருவான்டா, முழிச்சுக்க!" என்று மறுபடியும் கத்தினான், தொண்டை கிழிந்த குரலில். பீரோவுக்குத் தெரிகிறது. ஒரு மூச்சு முன்னாலேயே தெரிகிறது, உட்கார்ந்து கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை, அதற்குள் எல்லாம் தெரிகிறது… அப்படியென்றால் அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் தெரியுமா, இத்தனை நாளும் தன் கண் தன் கண் என்று எதைக் கொண்டாடிக்கொண்டிருந்தான்? போகட்டும், கண் இல்லாவிட்டால் என்ன, உயரம் இருக்கிறது, கை இருக்கிறது, இப்போது தடுத்த பந்தை பீரோ இங்கே நின்றிருந்தால் எட்டியிருக்க மாட்டான், அது நிச்சயம், நாளைக்கும் கோச் தன்னைத்தான் இறக்குவார், பேசிப்பார்க்கவே வேண்டாம். விசில் ஊதியது, எதிரணி ஓரத்திலிருந்து பந்தை உள்ளே எறியத் தயாரானது, தடியன் மறுபடியும் தோளைக் கொண்டுவந்து வைத்தான், ஏணி காலை அகட்டிக் கையை விரித்து நின்றான், பந்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான், ஆனால் காது மட்டும் பெஞ்சுப் பக்கமே போய் நின்றுகொண்டது, இதோ வரும், இப்போது வரும் என்று முதுகு முழுக்க அந்தக் குரலுக்காகக் காத்திருந்தது, பீரோவும் சற்று முன் இதே இடத்தில் இப்படித்தான் காத்துக்கொண்டு நின்றிருப்பானோ…